தார்ச் சாலைக்கு எந்த டயர்?

காட்டுக்கென்று செய்யப்பட்ட ஜீப்புகள் பெரும்பாலும் ஓடுவது நாட்டுக்குள்தான். திருப்பதி, சித்தூர் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தால் எந்த டயர் எதற்கு என்பது புரிந்துவிடும்.

அதிகாலை அலிபிரி. திருமலைக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் புது வண்டி ஒன்று பூஜைக்கு நிற்கிறது. பானெட்டில் சந்தனப் பொட்டு, கண்ணாடிக்குக் கீழே சாமந்தி மாலை, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடிந்ததும் வண்டி மெதுவாக முன்னே நகர்கிறது. சாதாரணக் காராக இருந்தால் பழம் தட்டையாகி ரோட்டோடு ஒட்டியிருக்கும். இந்த டயரில் கட்டை கட்டையாக ரப்பர். கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் பள்ளம். நசுங்கிய பழத்தின் தோல் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு வண்டியோடு மலையேறுகிறது.

வண்டியின் பெயர் தார். மகிந்திரா நிறுவனம் ராஜஸ்தான் பாலைவனத்தை மனதில் வைத்துத்தான் பெயர் சூட்டியது. ஆனால் தமிழ்க் காதில் விழுவது ரோடு போடும் தார்தான். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். இந்த வண்டிகளில் பாதிக்கு மேல் மணலையோ சேற்றையோ கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை என்று தயங்காமல் பந்தயம் கட்டலாம். பார்ப்பதெல்லாம் தார்தான்.

இது நிறுவனத்துக்கும் தெரியாத விஷயமல்ல. 2020ல் வந்த புதிய தார் முதலில் நான்கு சக்கர இயக்கத்தோடு மட்டுமே விற்கப்பட்டது. 2023 ஜனவரியில், பின் சக்கரங்களை மட்டும் இயக்கும் தார் ஒன்று விலை குறைவாகக் கடைக்கு வந்தது. தோற்றம் அதே முரட்டுத் தோற்றம். சேற்றில் சிக்கினால் மீட்க முன் சக்கரங்கள் உதவிக்கு வராது, அவ்வளவுதான். அந்த உதவி தேவையே இல்லாதவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுத்தானே இதைச் செய்திருக்க வேண்டும்? ஆகக் கேள்வி இன்ஜினைப் பற்றியதல்ல. நகரத்தில் வாழ்ந்து, நெடுஞ்சாலையில் பயணம் செய்து, வருஷத்துக்கு நான்கு முறை மண் பாதையில் இறங்கும் ஒரு வண்டிக்கு எந்த டயர்? அரை லட்சம் ரூபாயைச் சுலபமாக விழுங்கக்கூடிய கேள்வி. மழை நாளில் குடும்பத்தோடு மலை இறங்கும்போது அதன் விலை இன்னும் அதிகம்.

விடை தேடுவதற்குத் திருப்பதி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். இங்கே மலைப்பாதை இருக்கிறது, கொதிக்கும் நெடுஞ்சாலை இருக்கிறது, முள்ளும் கல்லுமான தோப்பு வழிகள் இருக்கின்றன. போதாக்குறைக்கு, டயரும் ஜீப்பும் பிறப்பதே இந்த மண்ணில்தான்.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வருகிறவர்கள் எல்லை தாண்டியதும் முதலில் பார்ப்பது சுருட்டப்பள்ளி. சிவன் பள்ளிகொண்டிருக்கும் அபூர்வமான கோயில். அதற்குக் கிழக்கே சத்தியவேடு. மொழிவாரி எல்லைத் தகராறு படாஸ்கர் தீர்ப்பால் முடிந்தபோது, 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. அன்று யாரும் இந்த வறண்ட பூமிக்காகப் பெரிதாகக் கண்ணீர் விடவில்லை. இன்று அங்கே ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் நிற்கிறது. ஜப்பானின் இசுசு நிறுவனம் 2016 ஏப்ரலில் அங்கே தொழிற்சாலை திறந்து, 'வி-கிராஸ்' என்ற நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில், வரதய்யபாளையம் மண்டலத்துச் சின்னபண்டூரில், 256 ஏக்கரில் அப்போலோ டயர்ஸ். 2020 ஜூன் 25ல் முதல் டயர் வெளியே வந்தது. முதல் கட்ட முதலீடு 3,800 கோடி ரூபாய். கட்டம் முழுமையானதும் நாளொன்றுக்கு 15,000 கார் டயர்களும் 3,000 லாரி, பஸ் டயர்களும் என்பது திட்டம். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் தேர்வாய் கண்டிகையில் பிரான்சின் மிஷெலின். அந்தக் காலத்தில் நிலக்கடலை விளைந்த வட்டாரத்தில் இப்போது ரப்பர் வேகிறது.

அதே 2020 ஜூன் மாதம் 12ஆம் தேதிதான் மத்திய அரசு வெளிநாட்டு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதுவரை வெளிநாட்டு முரட்டு டயர்களுக்கு இருந்த மவுசு குறையவில்லை. கிடைப்பது குறைந்தது, விலை ஏறியது. உள்நாட்டு நிறுவனங்களுக்கு வாசல் அகலத் திறந்தது. எம்.ஆர்.எஃப்., சியட், அப்போலோ, ஜே.கே. என்று எல்லோரிடமும் இன்று ஜீப் வகை வண்டிகளுக்கான டயர் வரிசை இருக்கிறது. வாங்குகிறவருக்குக் குழப்பமும் அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது.

குழப்பத்தின் மூலம் மூன்று சுருக்கெழுத்துகள். ஹெச்.டி. என்றால் ஹைவே டெரெய்ன், அதாவது நெடுஞ்சாலைக்கானது. எம்.டி. என்றால் மட் டெரெய்ன், சேற்றுக்கானது. இரண்டுக்கும் நடுவே ஏ.டி., ஆல் டெரெய்ன், எல்லா நிலத்துக்கும் என்ற பேராசைப் பெயர். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். ஹெச்.டி.யில் ரப்பர் அதிகம், பள்ளம் குறைவு. வட்டத்தைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடும் வரிகள். எம்.டி.யில் பள்ளம் அதிகம், ரப்பர் தனித்தனிக் கட்டையாக நிற்கும். சேற்றில் அந்தப் பள்ளம்தான் உயிர்: கட்டைகள் சேற்றைக் கவ்வுகின்றன, பள்ளம் சேற்றை வாங்கி, சுற்றும் வேகத்தில் வெளியே வீசியெறிகிறது. ஹெச்.டி. டயரின் மெல்லிய வரிகளில் சேறு அப்பிக்கொண்டால் அடுத்த நிமிடமே அது வழுவழுப்பான உருளை.

தாரில் கணக்கு தலைகீழ். ரோட்டைத் தொடும் ரப்பர் எவ்வளவோ அவ்வளவுதான் பிடிப்பு. கட்டைகள் குறைவாகத் தொடுகின்றன. பிரேக் அடிக்கும்போது உயரமான கட்டைகள் அசைந்து கொடுக்கின்றன. கல் கிழிக்காமலிருக்க ரப்பரை உறுதியாகச் செய்திருப்பார்கள். உறுதியான ரப்பர் ஈரச் சாலையில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஹெச்.டி.யின் முகத்தில் கத்தியால் கீறியது போல் நுண்ணிய பிளவுகள் நிறைய இருக்கும். ரோட்டின் மேல் படர்ந்த மெல்லிய நீர்ப்படலத்தை வெட்டிக்கொண்டு ரப்பரைத் தரையில் உட்கார வைப்பது அவைதான். பார்வைக்கு அற்பமான கீறல்கள்; மழையில் பிரேக் அடித்தவருக்குத்தான் அருமை தெரியும்.

இந்த வித்தியாசம் காகிதத்தில் படிக்கச் சுவையில்லாத விஷயம். திருமலைப் பாதையில் அப்படியல்ல. முதல் மலைப்பாதை 1944ல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1974ல். இப்போது புதுப் பாதையில் ஏற்றம், பழைய பாதையில் இறக்கம். இறங்கும் பாதை சுமார் 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் ஆக வேண்டும் என்று தேவஸ்தானம் கணக்கு வகுத்தது. 40 நிமிடத்தில் 19 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் குறைவு. இந்த வேகத்தில் டயரின் இரைச்சலும் மைலேஜும் ஒரு பொருட்டல்ல. வளைவுக்கு வளைவு பிரேக், வளைவுக்கு வளைவு பக்கவாட்டு இழுப்பு. பிடிப்பு ஒன்றுதான் கேள்வி.

அதுவும் ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை சேஷாசலத்தின் மேல் இறங்கும்போது பாதையெங்கும் ஈர இலைகள், ஓரத்தில் செம்மண் கரைசல், மேலேயிருந்து உருண்டு வரும் சில்லுக் கற்கள். 2021 நவம்பரில் திருப்பதி நகரமே தண்ணீரில் மிதந்தது. சுவர்ணமுகி கரை மீறியது. டிசம்பர் 1ஆம் தேதி இரண்டாவது மலைப்பாதையில் பெரும் பாறைகள் சரிந்து ரோட்டையே பெயர்த்தன. பல வாரங்களுக்கு ஏற்றமும் இறக்கமும் பழைய பாதையிலேயே நடந்தன. பாறை விழுந்தால் எந்த டயரும் காப்பாற்றாது. ஆனால் மழையில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கும்போது, இரண்டு மீட்டர் முன்பே நிற்பதா, பின்பக்கத்தில் போய் முட்டுவதா என்பதை டயர்தான் முடிவு செய்கிறது.

இங்கே யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்றால், ஷேர் ஜீப்காரர்களைப் பார்த்துத்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்க மனமில்லாத பக்தர்களை அடைத்துக்கொண்டு மலையேறும் இந்த ஜீப்புகள், வில்லிஸ் காலத்து வம்சத்தின் கடைசி வாரிசுகள். ஒரு காலத்தில் ஜீப் என்றாலே 6.00-16 அளவில் ராணுவப் பாணிக் கட்டை டயர்தான். நாளுக்குப் பல நடை மலையேறி இறங்கிப் பிழைப்பவருக்கு அந்த அலங்காரம் கட்டுப்படியாகாது. தேய்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் அவர் பையிலிருந்து போவது. வண்டி தோற்றத்தில் ஜீப். காலில் போட்டிருப்பது சாதாரண வரி டயர். நாற்பது நிமிடக் கணக்கு ஒன்றும் அவருக்குப் புதிதல்ல. கீழ் கியரில் வண்டியைக் கட்டிப் பிடித்து இறக்குவார், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார்.

சரி, காடு? அதற்குத்தானே இந்த முரட்டு டயர் என்று கேட்கலாம். வட்டாரத்தில் காட்டுக்குப் பஞ்சமில்லை. நாகலாபுரம் மலைகளில் ஓடையும் மடுவும், தடா அருகே உப்பலமடுகு அருவி, கைலாசகோனா, பாக்கராப்பேட்டை தாண்டி, 270 அடி உயரத்திலிருந்து விழும் தலக்கோனா. சென்னைக்காரர்கள் சனி, ஞாயிறு என்றால் வண்டியைத் திருப்புவது இந்தத் திசையில்தான். ஆனால் எங்கே போனாலும் கதை ஒரே இடத்தில் முடிகிறது: வனத்துறை கேட். அதுவரை தார் ரோடு அல்லது கெட்டிப்பட்ட கப்பி ரோடு. அதற்கு மேல் கால் நடை. சேஷாசலம் 2010ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி. உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டில் மட்டும் இயற்கையாக வளரும் செம்மரம் அங்கே நிற்கிறது. அதைக் கடத்துபவர்களைத் தேடி அதிரடிப்படை சுற்றும் காட்டுக்குள், அனுமதியில்லாமல் ஜீப்பை இறக்கி வீரம் காட்டுவது டயருக்கல்ல, ஜாமீனுக்கு அலையும் வக்கீலுக்குத்தான் வேலை வைக்கும். மதனப்பள்ளிக்கு அருகே ஹார்ஸ்லி மலை இருக்கிறது. நான்காயிரம் அடிக்கு மேல் உயரம். கடப்பை கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி துரை குதிரையில் ஏறிப் போய் பங்களா கட்டிய இடம். இன்று உச்சி வரை தார் ரோடு. டவுன் பஸ் ஏறும் இடத்துக்குச் சேற்று டயர் எதற்கு?

உண்மையான மண் பாதை வேறெங்கோ இருக்கிறது. அதைப் பார்க்கச் சித்தூர் பக்கம் போக வேண்டும். மாமர தேசம் இது. கிளிமூக்கு என்று தமிழர்கள் சொல்லும் தோத்தாபுரி காய்த்துக் குலுங்கும் தோப்புகளும், அதை வாங்கிக் கூழாக்கி டின்னில் அடைக்கும் ஆலைகளும் மாவட்டம் முழுக்க. ஜூன், ஜூலையில் ஆலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். நெடுஞ்சாலையிலிருந்து தோப்புக்குப் பிரியும் வழி அரைக் கிலோமீட்டரோ மூன்று கிலோமீட்டரோ இருக்கும். செம்மண், நடுநடுவே துருத்திய கல், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். மழைக்குப் பின் வண்டித் தடத்தில் தண்ணீர் நிற்கும். இரண்டு நாள் வெயிலில் அது இறுகிச் செங்கல்லாகிவிடும். இங்கே டயருக்கு எதிரி சேறு அல்ல, கருவேல முள்ளும் கூரான கல்லும்தான். அடிப்பாகத்தில் துளைத்தால் பஞ்சர் கடையில் ஒட்டிவிடலாம். பக்கச் சுவரில் கிழித்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஏ.டி. டயருக்கு நியாயம் பிறப்பது இந்த இடத்தில். கனமான அடிப்பாகம், தடித்த பக்கச் சுவர், கல்லைக் கவ்வாத பள்ள அமைப்பு. வாரத்தில் நான்கு நாள் தோப்புக்குப் போய் வருகிறவருக்கு அது செலவல்ல, சிக்கனம். பலமனேர், குப்பம் பக்கத்துக் கல் குவாரிகளுக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், தோப்புக்காரர்கள் பெரும்பாலும் ஏ.டி. பற்றிக் கவலைப்படுவதேயில்லை. டிராக்டர் போகிற இடத்துக்கு டிராக்டர். மற்றபடி சாதாரண டயர் போட்ட பிக்கப் வண்டி. கட்டை டயர்கள் அதிகம் பளபளப்பது திருப்பதி நகரத்துக் காபி கடை வாசல்களில்.

டயர் கடைக்கு இந்த வித்தியாசம் தெரியும். இங்கே விவரமான கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எக்கட திருகுதாரு?" சென்னைக்காரர் திருகுவது எதை என்று விழிப்பார். 'எங்கே சுற்றுவீர்கள்' என்பதுதான் அர்த்தம். உலகத்தில் எந்த டயர் நிபுணரும் இதைவிட நல்ல கேள்வி கேட்க முடியாது. வருகிற பதில்தான் பெரும்பாலும் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது: "நல்லா முரட்டுத்தனமா இருக்கணும்ணா."

முரட்டுத்தனத்துக்கு அடுத்த ஆசை, பெரிசாக இருக்க வேண்டும் என்பது. டயரின் பக்கச் சுவரில் 255/65 ஆர் 18 என்று இருந்தால், அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவிகிதம். ஆர் என்பது ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். தாரின் உயர் ரகங்களில் வரும் அளவு இது. கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 789 மில்லிமீட்டர். இதைக் கழற்றிவிட்டு 265/70 ஆர் 18 போட்டால் 828. ஐந்து சதவிகிதம் உயர்வு. ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 84ல் போய்க்கொண்டிருக்கும். வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது இதில் பாதிதான், 20 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரலுக்காக ஒவ்வொரு சக்கரத்தின் எடையும் கூடுகிறது, பிரேக்குக்கு வேலை கூடுகிறது, டீசல் கூடுகிறது, திருப்பினால் மட்கார்டில் உரசுகிறது.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தயாரிப்பாளரே அந்த வண்டிக்கு அனுமதித்திருக்கும் அளவுகளுக்குள் மாற்றிக்கொள்வதில் தொல்லையில்லை. அதைத் தாண்டினால், விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வரும்போது பேச வாய் இருக்காது.

இன்னொரு தவறு, நான்கு சக்கர இயக்க வண்டியில் இரண்டு டயரை மட்டும் மாற்றுவது. முன்னும் பின்னும் விட்டம் மாறினால், நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டும்போது இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கும்; பழுது டயரோடு நிற்காமல் கியர் பெட்டிவரை போகும். பின் கதவில் கம்பீரமாகத் தொங்கும் ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்க வேண்டும். அதையும் சேர்த்து ஐந்து டயர்களையும் முறை வைத்து இடம் மாற்றி ஓட்டுகிறவர் புத்திசாலி. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை போதும்.

சித்தூரிலிருந்து பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் பங்காருபாளையம் தாண்டியதும் மொகிலி கணவாய். விபத்துக்குப் பேர்போன இறக்கம். பெங்களூர்ப் பக்கமிருந்து லாரிகள் இன்ஜினைக் கத்த விட்டுக்கொண்டு இறங்கும். இந்த ரோட்டின் சோதனை ஈரமல்ல, சூடு. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தாரின் மேல் முட்டை பொரிக்கலாம். டயர் சூடாவது வெயிலால் மட்டுமல்ல. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு அதிகம். பாரம் கூடினால் இன்னும் அதிகம். ஏழு பேர், மேல்தட்டில் பெட்டிகள், காற்று குறைந்த டயர், மணிக்கு 110 கிலோமீட்டர் — டயர் வெடிப்பதற்கு வேண்டிய எல்லாச் சாமானும் தயார். கனமான எம்.டி. டயர் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். இந்த ரோட்டில் வேகமாகப் போகிறவருக்கு அது நண்பனல்ல.

காற்று விஷயத்தில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். சூடான டயரில் அழுத்தம் நாலைந்து புள்ளி ஏறித்தான் காட்டும். வழியில் பெட்ரோல் பங்கில் அளந்துவிட்டு, ஏறியிருக்கிறதே என்று காற்றைப் பிடுங்கிவிடுகிறவர் டயரைக் குளிர வைப்பதாக நினைத்துக்கொண்டு மேலும் கொதிக்க விடுகிறார். அளக்க வேண்டியது காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால். தோப்பு மணலிலோ ஆற்றுப் படுகையிலோ சிக்கினால் காற்றை 20 புள்ளி வரை இறக்கினால் டயர் அகன்று மணல் மேல் மிதக்கும், சாதாரண ஹெச்.டி. டயர்கூட அந்தத் தந்திரத்தால் வெளியே வந்துவிடும். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் நிரப்ப வேண்டும். சிகரெட் லைட்டரில் சொருகும் காற்றடிக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய். வருஷத்துக்கு நான்கு முறை சேறு பார்க்கிறவருக்கு, ஒரு செட் முரட்டு டயரைவிட இதுதான் நல்ல முதலீடு.

பக்கச் சுவரில் படிக்க வேண்டிய சங்கதிகள் இன்னும் உண்டு. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23வது வாரத்தில் பிறந்தது. பட்டணத்தில் பழசாகிப்போன சரக்கு சிறு ஊர்க் கடைகளுக்குத் தள்ளுபடியில் வருவது உண்டு. பளபளப்பைப் பார்க்காமல் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். எம்.ப்ளஸ்.எஸ். என்று இருந்தால் சேறும் பனியும் என்று பொருள். அதைப் பார்த்து இது சேற்று டயர் என்று யாராவது தலையில் கட்டினால் நம்ப வேண்டாம், சாதாரண ஹெச்.டி.யிலும் அந்த எழுத்து இருக்கும். 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் டயர்களுக்கு ஈரச் சாலைப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, இரைச்சல் ஆகிய மூன்றுக்கும் அளவுகோல் விதித்தது. ஈரப் பிடிப்பைச் சோதித்துப் பார்த்துத்தான் டயர் கடைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்கு இவ்வளவு தாமதமாகவாவது வந்ததே! பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கார், ஜீப் டயருக்கு ஆயுசு முடிந்தது என்பது பழைய விதி. பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. மொட்டை டயரும் ஈர வளைவும் ஜோடி சேரக் கூடாது.

ஆக, எதை வாங்குவது? சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருந்து, திருப்பதி, காணிப்பாக்கம், ஏலகிரி என்று சுற்றுகிறவருக்கு நல்ல ஹெச்.டி. போதும், போதும் என்ன, அதுதான் சிறந்தது. மாருதி ஜிம்னி என்ற அசல் காட்டு வண்டி 2023ல் வந்தபோது அதன் காலில் இருந்ததே நெடுஞ்சாலை ரக டயர்தான். யாரும் அதன் வீரத்தைச் சந்தேகப்படவில்லை. தோப்பு, பண்ணை, கிராமத்து உடைந்த ரோடு என்று மாதத்தில் பத்து நாளாவது அலைகிறவர், கட்டைகள் நெருக்கமாக இருக்கும் சாதுவான ஏ.டி. வாங்கலாம். நடு வரி தொடர்ச்சியாகவும் நுண்கீறல்கள் நிறையவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், ஏ.டி. என்ற பெயரில் எம்.டி.யின் தம்பிகளும் கடையில் தொங்குகிறார்கள். புது வண்டியோடு ஏ.டி. வந்திருந்தால் அதைத் தேயும்வரை ஓட்டிவிட்டு அடுத்த முறை யோசித்தால் போயிற்று. நல்ல டயரைக் கழற்றி எறிவதும் ஊதாரித்தனம்தான். சேறு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே வழி, இரண்டாவது செட் ரிம்மில் எம்.டி.யைப் பூட்டி வீட்டில் வைத்துக்கொள்வது. தினசரி ஆபீசுக்குப் போக அதைப் போட்டால் காதில் வண்டு புகுந்தது போல் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். தேய்மானம் கண்ணெதிரே தெரியும்.

அலிபிரியில் புறப்பட்ட வண்டி தரிசனம் முடித்து மாலையில் இறங்குகிறது. மேலே மொட்டை போட்டுக்கொண்ட தலைகள், பின் சீட்டில் லட்டுப் பைகள். ஏழாவது வளைவுக்கு மேல் தூறல் பிடித்துக்கொள்கிறது. முன்னே ஒரு ஷேர் ஜீப், இரண்டாம் கியரில், பிரேக் விளக்கு மினுக்கி மினுக்கி. அதன் தேய்ந்த வரி டயர் ஈர ரோட்டில் சத்தமில்லாமல் உருள்கிறது. பின்னால் வருகிற புது வண்டியின் டயர் உறுமுகிறது. பள்ளத்தில் எலுமிச்சைத் தோல் காய்ந்து ஒட்டியிருக்கிறது. முந்த இடமில்லை. இன்னும் 29 வளைவுகள்.